ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் கோளாறுகள்: பர்மாவில் ஓடும் ஜப்பான் வண்டிகளுக்கான கேள்வி பதில்

ரங்கூன், பெகு, மோல்மீன் பக்கம் ஓடும் பழைய ஜப்பான் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. புரோபாக்ஸ், ஃபிட், விஷ் போன்ற கார்களுக்கு அப்படியே பொருந்தும். ஹைஏஸ் வேனுக்கும் பெரும்பகுதி பொருந்தும். லாரிக்குக் கடைசியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். இங்குள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டி மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் சரியில்லை என்று தோன்றினால் எதை முதலில் பார்ப்பது?

டயர். அடுத்து ஜாயின்ட்களிலும் புஷ்களிலும் (இரும்புகளுக்கு இடையே உள்ள ரப்பர்) ஆட்டம். அதற்கடுத்து ஸ்பிரிங் உயரம். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கடைசி. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி இழுக்கிறது என்றதும் நேரே அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள். டை ராடு எண்டு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை மூட்டு) தேய்ந்து ஆடும் வண்டியில் அலைன்மென்ட் பார்த்தால், கடை வாசலைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் அந்த அளவு போய்விடும். அலைன்மென்ட் பார்ப்பவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் நேரே மெஷினை மாட்டினால் வேறு கடை பாருங்கள்.

எங்கள் வண்டியில் வலப்பக்க முன்சக்கரமே முதலில் கெடுகிறது. ஏன்?

1970 டிசம்பரில் பர்மா வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறியது. ஓடும் வண்டிகளோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். ஆக, டிரைவர் சாலை ஓரத்துப் பக்கமே உட்கார்ந்திருக்கிறார். தார் உடைந்த விளிம்பு, சாக்கடை மூடி, மழைநீர் தேங்கும் பள்ளம் எல்லாம் அந்தப் பக்கம்தான். மழைநீர் வடிய சாலையின் சரிவும் ஓரத்தை நோக்கியே இருக்கும். டிரைவர் எடை, சரிவு, பள்ளம் மூன்றும் சேர்ந்து வலப்பக்க முன்சக்கரத்தின் மேல் விழுகின்றன. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) புஷ், பால் ஜாயின்ட் (அந்தக் கையின் முனையில் உள்ள உருண்டை மூட்டு), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிக்கும் ரப்பர்), ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்பு) எதைச் சோதித்தாலும் வலப்பக்கத்தில் தொடங்குங்கள். இடப்பக்கப் போக்குவரத்து நாடுகளில் எடுத்த வீடியோக்கள் 'இடப்பக்கத்தை முதலில் பார்' என்று சொல்வதும் இதே கணக்கில்தான்.

இன்னொன்றும் உண்டு. வலப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கம் ஓட்டுபவருக்கு, முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. பாதி வண்டியை வெளியே நீட்டிப் பார்த்து, எதிரே ஆள் வந்தால் சட்டென்று உள்ளே இழுக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் ஆட்டம் உள்ள வண்டியில் அந்த ஒரு கணம்தான் ஆபத்து.

வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. என்ன செய்வது?

முதலில், டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள். முன் இரண்டு டயர்களுக்கும் 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே சில வண்டிகள் குறைந்த பக்கம் இழுக்கும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் கிலோபாஸ்கல் கணக்கில் இருக்கும். 220 என்றால் ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ.

அடுத்தது சாலை. ஓரத்துச் சரிவால் எந்த வண்டியும் கொஞ்சம் வலப்பக்கம் நகரத்தான் செய்யும். கையை லேசாக எடுத்தால் மெல்ல மெல்ல நகர்வது கோளாறல்ல. உடனே ஓடினால் கோளாறு. ஞாயிறு காலையில் தொழிற்பேட்டைப் பக்கம் ஆளில்லாத சமதளச் சாலையிலோ, பெரிய சிமென்ட் மைதானத்திலோ 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போனால் வண்டியில் ஒன்றுமில்லை.

அங்கேயும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர். ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயரை இப்படி மாற்றக் கூடாது. அதை அதே பக்கப் பின்டயரோடு மாற்றிப் பாருங்கள். காசில்லாத சோதனை இது. ஆனால் பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை.

டயர் மாற்றியும் அதே பக்கம் இழுத்தால் பிரேக்கைப் பாருங்கள். பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் கேலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் அலைன்மென்ட். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) எந்தப் பக்கம் அதிகப் பாசிட்டிவாக, அதாவது மேல்பக்கம் வெளியே சாய்ந்து, இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம்) எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ நோக்குவது) தவறினால் இழுப்பு வராது. ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும்.

பிரேக் போடும்போது மட்டும் ஒரு பக்கம் ஓடுகிறதே?

கேலிப்பர் ஒன்று. லோயர் ஆர்மின் பின்புஷ் கிழிந்திருப்பது இன்னொன்று. புஷ் கிழிந்தால் பிரேக் போட்டதும் சக்கரம் பின்னால் நகரும், வண்டியின் திசையும் திரும்பும். ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்னும் பின்னும் சிறிது நகர்த்தச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நகர்வது கண்ணுக்கே தெரியும். வண்டிக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள்.

ஸ்டீயரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

டொயோட்டா மேனுவல்களில் பொதுவாகக் காணும் உச்ச அளவு 30 மி.மீ. சக்கரங்களை நேராக வைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங் விளிம்பை ஒரு விரலால் அசைத்து, முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். நல்ல வண்டியில் இதில் பாதிகூட இருக்காது.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையில், நான்கு சக்கரத்தில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை அளவு இப்படியும் அப்படியும் வேகமாக அசைக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்டிலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஜாயின்டின் ஒரு பாதி நகர்ந்து மறு பாதி நிற்பது விரலுக்குத் தெரியும். வரிசை இது: ஸ்டீயரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட், ரேக்கை (சக்கரங்களைப் பக்கவாட்டில் தள்ளித் திருப்பும் பல்தண்டு) பிடித்திருக்கும் ரப்பர் புஷ், பூட் என்ற ரப்பர் உறைக்குள் இருக்கும் ரேக் எண்டு, வெளியே டை ராடு எண்டு. ரேக் எண்டு கண்ணுக்குத் தெரியாது. அந்த உறையை அழுத்திப் பிடித்துத்தான் உணர வேண்டும்.

பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கையால் ஆட்டுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு அல்லது ரேக் எண்டு. 12, 6 இடங்களில் ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது என்று பிரிக்க ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்.

தூக்கும் இடமும் முக்கியம். ஸ்ட்ரட் உள்ள கார்களில் பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் கீழ்ப் பால் ஜாயின்டில் சுமை இருக்காது, ஆட்டம் தெரியும். மேலும் கீழும் ஆர்ம் இருந்து, ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்காரும் வண்டிகளில் அப்படித் தூக்கினால் ஸ்பிரிங் விசை ஜாயின்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயின்டும் நல்லதுபோல நடிக்கும். அவற்றில் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயின்டுக்குப் பக்கத்தில் ஜாக்கி வையுங்கள்.

ஆட்டம் இருந்தால் எவ்வளவு நாள் ஓட்டலாம்?

பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, ரேக் எண்டு மூன்றில் எது கைக்குத் தெரியும் அளவு ஆடினாலும் ஓட்டாதீர்கள். கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். ஸ்டெபிலைசர் லிங்க் சத்தம் என்றால் மாதக்கணக்கில் பொறுக்கலாம்.

பள்ளத்தில் 'டக் டக்' என்று சத்தம். எந்தப் பார்ட்?

இங்கேதான் தேவையில்லாத பார்ட்களுக்குப் பணம் அதிகம் வீணாகிறது. சத்தம் எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடியும்.

20 கிலோமீட்டருக்குக் கீழே, சின்னச் சின்னக் குழிகளில் விடாமல் 'டக் டக்' என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க். இரண்டு பக்கமும் லிங்க்கைக் கழற்றி, கம்பி எதிலும் மோதாதபடி கட்டிவிட்டு, அதே சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் போயிருந்தால் புது லிங்க் வாங்குங்கள். திருப்பத்தில் வண்டி அதிகம் சாயும் என்பதால் இப்படி வேகமாக ஓட்டக் கூடாது. நட்டைக் கழற்றும்போது நடுத்தண்டும் சேர்ந்து சுழலும். தண்டின் முனையில் உள்ள குழியில் 5 அல்லது 6 மி.மீ. ஆலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்புங்கள்.

பெரிய பள்ளத்தில் ஒரே ஒரு 'டம்' என்றால் ஷாக் அப்சார்பர் செத்து ஸ்பிரிங் அடிவரை போகிறது, அல்லது ஸ்ட்ரட் மவுண்ட் ரப்பர் பிரிந்திருக்கிறது. பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் கையை வைத்து, ஒருவரை முன்பக்கத்தை அமுக்கி ஆட்டச் சொன்னால் மவுண்ட்டின் அசைவு தெரியும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கிலிருந்து 'டொய்ங்' என்று வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். காயில் ஸ்பிரிங்கின் மேல் கையை லேசாக வைத்தால், ஸ்பிரிங் திரும்பாமல் முறுக்கிக்கொண்டு பிறகு சட்டென்று விடுவது தெரியும்.

முழுதாகத் திருப்பி வண்டியை நகர்த்தும்போது 'கடகட' என்று அடித்தால் அது சஸ்பென்ஷனே அல்ல, என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டு, அதாவது வெளி சி.வி. ஜாயின்ட். பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

வேகம் கூடக்கூட 'ஊம்' என்ற ஓசை கூடினால் வீல் பேரிங் அல்லது மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர். ஸ்டீயரிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்பினால் பாரம் வலச்சக்கரத்துக்குப் போகும். அப்போது ஓசை கூடினால் வலப்பக்க பேரிங். திருப்பினாலும் மாறாவிட்டால் டயரைப் பாருங்கள்.

ஸ்டீயரிங் நடுங்குகிறது. பேலன்சிங் செய்தும் போகவில்லை.

எந்த வேகத்தில் என்று சொல்லுங்கள். 80லிருந்து 100 கிலோமீட்டருக்குள் வந்து, அதைத் தாண்டினால் குறைவது பேலன்சிங் பிரச்சினை. கிராமத்து மண்சாலையில் போய்வந்த வண்டிக்கு ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும், நடுக்கம் வரும். மெஷினில் ஏற்றுவதற்கு முன் கழுவுங்கள்.

20 முதல் 40 கிலோமீட்டரில் ஸ்டீயரிங் மெதுவாக இடமும் வலமும் அசைந்தால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயருக்குள் பெல்ட் பிரிந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி, அசையாத ஒரு ஸ்குரூ டிரைவரை டயர் பக்கத்தில் நிறுத்திச் சுழற்றிப் பாருங்கள். பெல்ட் பிரிந்த டயரை எந்த பேலன்சிங்கும் சரிசெய்யாது. மாற்றியே ஆக வேண்டும், அதுவும் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறுவதற்கு முன். டயர் பக்கச்சுவரில் தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்பதற்காகப் பத்து வருட டயரை நம்பக் கூடாது.

பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். அது சுழலும்போது பக்கவாட்டில் 0.05 மி.மீ. கோணினாலே பல வண்டிகளுக்கு எல்லை தாண்டியதாகிவிடும். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை அதிகமாகவும் இன்னொன்றைக் குறைவாகவும் இறுக்குவதும் டிஸ்க் கோண ஒரு காரணம். டொயோட்டா கார்களுக்கு வழக்கமான அளவு 103 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக இறுக்குங்கள். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் உள் சி.வி. ஜாயின்ட்.

ரங்கூன்-மண்டலே எக்ஸ்பிரஸ்வேயில் மட்டும் சீராக 'தட் தட்' என்று வருவது கான்கிரீட் பலகைகளின் இணைப்பு. அதற்கு மெக்கானிக் தேவையில்லை.

ஜப்பானிலிருந்து புதிதாக வந்த வண்டி, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது, ஆனாலும் மிதப்பதுபோல் ஓடுகிறது.

டயரில் 'ஸ்டட்லெஸ்' என்று போட்டிருக்கிறதா? அது பனிக்கால டயர். ரப்பர் மிருதுவானது, பட்டன் முழுக்க நுண்ணிய வெட்டுகள். நம் ஏப்ரல் வெயிலில் அது நெளியும். அத்தகைய வண்டி பனிப் பிரதேசத்தில் ஓடியதாக இருக்கலாம் என்பதால் கீழே உப்புத் துருவையும் பாருங்கள்: ஸ்பிரிங் உட்காரும் தட்டு, பின் பீம், லோயர் ஆர்ம் போல்ட். அந்தப் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். கழற்றும் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

ஸ்டீயரிங் கனமாகிவிட்டது.

முன்பக்கத்தைத் தூக்கி, என்ஜினை நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்பினால் கோளாறு பவர் பக்கம். அப்போதும் கனமாக இருந்தால் எங்கோ இரும்பு பிடிக்கிறது. இரண்டு டை ராடு எண்டுகளையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் தனியாகவும் ஸ்டீயரிங்கைத் தனியாகவும் திருப்பினால், பிடிப்பது பால் ஜாயின்டா, மவுண்ட் பேரிங்கா, ரேக்கா என்று தெரிந்துவிடும். ஒரு சுற்றில் இரண்டு முறை கனமாகி இரண்டு முறை இலகுவானால் தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது.

ஆயில் பவர் ஸ்டீயரிங்கில் பெல்ட், ஆயில் அளவு, ஆயில் நிறம் என்று வரிசையாகப் பாருங்கள். நுரை இருந்தால் டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் கிளிப் வழியாகக் காற்று இழுக்கிறது. டொயோட்டா பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) கேட்கும். ஹோண்டா தன் சொந்த ஸ்டீயரிங் ஆயிலைத்தான் கேட்கும், அதில் ஏ.டி.எஃப். ஊற்றினால் சீல் கெடும். ஆயில் மாற்றியபின் காற்று எடுக்க முன்பக்கத்தைத் தூக்கி, என்ஜினை நிறுத்திய நிலையில் முனைக்கு முனை பலமுறை மெதுவாகத் திருப்பி, ஆயிலை நிரப்பி, பிறகு ஐடிலில் ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். முனையில் பத்து நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், பம்பு சூடாகும்.

ஃபிட் போன்ற எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் முதல் சந்தேகம் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஒயர். குறுகிய சந்தில் பலமுறை திருப்பித் திருப்பி நிறுத்தியபின் கனமாகி, ஆறியதும் சரியானால் அது மோட்டார் சூடாகாமல் தன்னைக் காத்துக்கொள்வது, கோளாறல்ல.

மழைக்காலத்தில் தண்ணீரில் ஓட்டிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

ரேக்கின் இரு முனை ரப்பர் பூட். அதில் சின்னக் கிழிசல் போதும், சேற்றுநீர் உள்ளே போய் ரேக் தண்டில் துரு பிடிக்கும். அந்தத் துரு ஆயில் சீலை அறுக்கும். பூட் மாற்றுவது சின்னச் செலவு, ரேக் மாற்றுவது பெரிய செலவு. பால் ஜாயின்ட், டை ராடு எண்டுகளின் ரப்பர் தொப்பியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் அந்த ஜாயின்டின் ஆயுள் முடிந்தது. தண்ணீர் காரின் தரைவரை ஏறியிருந்தால் எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கின் கனெக்டர்களைக் கழற்றிக் காயவைக்கும்வரை சாவியைப் போடாதீர்கள்.

ஷாக் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

மூலையை அமுக்கி விடுங்கள். ஒரு தடவை மேலே வந்து நிற்க வேண்டும். ஷாக்கின் மேல் லேசான எண்ணெய்ப் படலம் தூசியோடு இருப்பது பரவாயில்லை, வழிந்தால் மாற்றுங்கள். டயரின் மேல் கையால் தடவும்போது அலை அலையாகத் தட்டுப்பட்டாலும் ஷாக்தான். ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

டாக்சியில் கேஸ் சிலிண்டர் வைத்த பிறகு முன்பக்கம் இலேசாகிவிட்டது.

60 லிட்டர் இரும்பு சிலிண்டர் வெறுமையாகவே 50 கிலோவுக்கு மேல். அது எப்போதும் பின்னால் இருப்பதால் பின் ஸ்பிரிங் தாழ்ந்து, முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். நான்கு சக்கரத்திலும் ரிம் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஷாக் மாற்றினால் உயரம் கூடாது. ஸ்பிரிங்தான் மாற்ற வேண்டும். பீலிக்கான் திருவிழாவுக்கு ஆள் திணித்துப் போகும் ஹைஏஸுக்கும் இதே கணக்கு. அதில் பின்னால் பட்டை ஸ்பிரிங் என்றால் ஒரு பட்டை சேர்க்கலாம்.

புது புஷ் போட்டு மூன்று மாதத்தில் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட்டா?

இருக்கலாம். அதைவிடப் பொதுவான காரணம் ஒன்றுண்டு. சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே ஓடும். போல்ட்டைக் கையிறுக்கமாக வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு முறை அமுக்கி ஆட்டிவிட்டுத்தான் முழுதாக இறுக்க வேண்டும். நீங்களே பக்கத்தில் நின்று இதைப் பாருங்கள்.

டை ராடு எண்டு மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயமா?

கட்டாயம். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிப் புதியதை அதே அளவு ஏற்றினால் கடைவரை ஓட்டிப்போகலாம், அவ்வளவுதான்.

வயல் வேலைக்கு ஓடும் எல்ஃப், கேன்டர் லாரியில் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடுகிறது.

பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்ஸிலும் உள்ள லாரியில் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு ஆணி) புஷ், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) ஜாயின்ட், யூ போல்ட் (பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் போல்ட்) மூன்றையும் பாருங்கள். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அடியுங்கள். சுமை இருந்தால் கிரீஸ் அடிப்பக்கம் போகாது. பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஒடிந்தால் ஆக்ஸில் பின்னால் நகர்ந்து லாரி கோணலாக ஓடும். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே இரு பக்கமும் டேப் வைத்து அளந்து, 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். புது யூ போல்ட்டை முதல் 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் தலையிலுள்ள திருகை இறுக்குவதுதான் பலரும் முதலில் செய்வது. அதைக் கடைசியாகத் தொடுங்கள். அதிகம் இறுக்கினால் ஆட்டம் போகும், ஆனால் திருப்பத்திலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. உள்ளே பல்லும் தேயும். இறுக்கவே வேண்டுமானால் சக்கரம் நேராக இருக்கும்போது கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, இரு முனைவரை திருப்பி எங்கும் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு லாக் நட்டைப் பூட்டுங்கள்.

பார்ட் வாங்கும்போது எதைக் கொண்டுபோக வேண்டும்?

என்ஜின் அறையில் உள்ள தகட்டின் போட்டோ. மாடல் கோடு, சேசிஸ் நம்பர் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரே பெயர் கொண்ட காரிலும் இரண்டு சக்கர டிரைவுக்கும் நான்கு சக்கர டிரைவுக்கும் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் வேறுபடலாம். கழற்றிய பழைய பார்ட்டையும் எடுத்துப்போய் பக்கத்தில் வைத்து நீளம், போல்ட் துளை, கோணம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஜப்பான் பழைய ஸ்ட்ரட் வாங்கலாம், தண்டைக் கையால் அமுக்கி, சீராகவும் சத்தமில்லாமலும் நகர்ந்தால் மட்டும். பழைய பால் ஜாயின்டும் டை ராடு எண்டும் எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.